நூல்களும் படிப்போர் கருத்தும்

ஒரு நூலைப் படித்து முடித்த ஒருவரைக் கண்டால், "நூல் எப்படி?" என்று வினவுதல் நம்மவர்க்கு இயல்பு. "நன்று" என்றோ, "அவ்வளவு நன்றாயில்லை" என்றோ விடை வரும். கேட்டவரும் மனநிறைவுடன் போய்விடுவார். ஆயினும் அவ்விடையால் அவர் அறிந்துகொண்டது யாது? படித்தவர் மகிழ்ந்தார், அல்லது மகிழ்ந்திலர் என்பதனையன்றி, நூலைப்பற்றி அவர் ஒன்றும் அறிந்தாரில்லை. ஒரே நூலை ஒருவர் அமிழ்தென்று போற்றுவதும், மற்றொருவர் நஞ்சென்று தூற்றுவதும், இருவரும் கற்றவராகவே இருப்பதும் நாள்தோறும் காண்கின்றோம். இவ்வேறுபாடு எதனால் வருகின்றது, படிப்போர் கருத்து எப்பொழுது மதிப்புடையதாகின்றது என்னும் இரண்டினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகளைத் தொலைவிற் சென்று தேடவேண்டுவதில்லை. மாமல்லபுரம், குன்றத்தூர், பல்லாவரம், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்தே பெரும்பாலானவை கிடைக்கின்றன. 1997-ஆம் ஆண்டுப் பிரிவினைக்கு முன் இவை யாவும் செங்கற்பட்டு மாவட்டத்தின்கண் அடங்கியிருந்தன. யான் வளர்ந்த அணுபுரமும் அம்மாவட்டத்ததே.

இவ்வாராய்ச்சியில் யான் தலைப்பட்டதற்கு என் பிழையொன்றே காரணம். அதனை மறையாது கூறுகின்றேன். கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், விடுதி மாணவர் சிலர் கூடி நடத்திய கையெழுத்து இதழில் மாதந்தோறும் ஒரு நூலைப்பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. முதன்முதல் யான் எடுத்துக்கொண்ட நூல், மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றி 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம். தமிழில் எழுந்த முதல் நாவல் அதுவே என்பது யாவரும் அறிந்தது. யான் அதில் ஏறக்குறையப் பத்து அதிகாரங்கள் படித்தேன். கதை நகரவில்லை, கிளைக்கதைகளும் அறவுரைகளும் வழிமறிக்கின்றன என்று எனக்குத் தோன்றிற்று. உடனே, நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தல் என்பதற்கு உதாரணம் வேண்டுவோர் இந்நூலைக் காண்க என்று எழுதிவிட்டேன். நண்பர்கள் சிரித்துப் பாராட்டினர். யானும் பெருமிதங் கொண்டேன். அவ்வெழுத்தின் தகுதி பின்னர் எவ்வாறு வெளிப்பட்டது என்பதனை இறுதியிற் கூறுவேன்.

நூலைப்பற்றிக் கருத்துரைத்தல் நம் மொழிக்குப் புதியதன்று. நூலின் முகப்பிற் சிறப்புப்பாயிரம் அமைத்தலும், புலவர் அவையில் அரங்கேற்றலும் பழைய வழக்கங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய நூல்கள் பலவற்றின் தொடக்கத்தில் சாற்றுக்கவிகள் வரிசையாக நிற்பதனை நாம் நூலகத்திற் காணலாம். சாற்றுக்கவி என்பது ஒரு புலவர் மற்றொரு புலவரின் நூலைப் புகழ்ந்து பாடித் தருவது. அதில் அன்பு உண்டு, நட்பு உண்டு, குறைகூறல் இல்லை. ஆதலின் அதனை வாழ்த்து என்னலாமேயன்றி மதிப்பீடு என்னலாகாது. பின்னர்த் தமிழில் மாத இதழ்களும் வார இதழ்களும் பெருகியபொழுது மதிப்புரை என்னும் புதிய வகை தோன்றிற்று. அதில் குணத்தோடு குறையும் இடம்பெற்றது. புலவர் அவையில் ஒருசிலர்க்கே உரியதாயிருந்த உரிமை, இவ்வாறு நூலை விலைகொடுத்து வாங்கும் யாவர்க்கும் உரியதாயிற்று. உரிமை பரவிய அளவிற்கு அதனைக் கையாளும் முறை பரவியதா என்பதே நம் வினா.

அம்முறைக்கு வேண்டிய கருவி நன்னூலிலேயே உள்ளது என்பது என் துணிபு. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நூல் செய்வோர் பிறர் கருத்தோடு கொள்ளும் உறவினை எழுவகை மதமென வகுத்தார். பிறர் கூறியதற்கு உடன்படுதல் ஒன்று, மறுத்தல் ஒன்று, முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் நீக்குதல் ஒன்று, தானே ஒன்றை நிறுவி அதனைக் காத்தல் ஒன்று, இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல் ஒன்று, பிறர் நூலிலுள்ள பிழையை எடுத்துக்காட்டல் ஒன்று, எவர் கொள்கையோடும் சாராது தன் கொள்கையில் நிற்றல் ஒன்று. இவை நூலாசிரியர்க்குக் கூறப்பட்டனவேனும் படிப்போர்க்கும் பொருந்துவன. நாமோ இவ்வேழனுள் உடன்படல், மறுத்தல் என்னும் இரண்டனையே அறிவோம். இடைப்பட்ட ஐந்து நிலைகளையும் மறந்தமையாற் போலும், நம் உரையாடல்கள் விரைவிற் சண்டையாய் முடிகின்றன.

மாணாக்கரின் இயல்பைக் கூறுமிடத்தும் பவணந்தியார் நமக்கு ஒரு கண்ணாடியைக் காட்டுகின்றார். நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், மேய்ந்ததனை அமர்ந்து அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கர்க்கு உவமை. ஒரு செடியில் நிலைத்து மேயாது அங்குமிங்கும் தழை கிள்ளும் ஆடும், குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமையும், நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைத் தன்னிடத்தே தேக்கிக்கொள்ளும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு உவமை. படிப்போருள்ளும் இவ்வகையினர் உண்டு. ஒரு நூலின் நூறு நலங்களை விடுத்து, ஓர் அச்சுப்பிழையையே நினைவில் வைப்பவர் நெய்யரி. தாம் கொண்ட கட்சியால் நூலைக் கலக்கிவிட்டு, கலங்கலே நூலென்பவர் எருமை. பத்து அதிகாரம் மேய்ந்துவிட்டுத் தீர்ப்புரைத்த யான் அன்று ஆடு என்பதனைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி அணுபுரத்திற்கு வருவோம். கல்பாக்கத்தை அடுத்து, அணுசக்தித் துறையினர் குடியிருக்கும் சிற்றூர் அது. பல மாநிலத்தாரும் பல தொழிலினரும் ஒரே தெருவில் வாழ்வதனால், மாலைப்பொழுதில் நூல்களைப்பற்றிய பேச்சும் பலவகையாகவே இருக்கும். சென்ற கோடை விடுமுறையில் யான் ஒரு முயற்சி செய்தேன். கல்கி 1944 முதல் 1946 வரை தம் வார இதழிற் தொடராக எழுதிய சிவகாமியின் சபதம் என்னும் நாவலைப் படித்தவர் சிலரிடம், "நன்றா, தீதா?" என்று வினவாமல், "இந்நூலில் உங்களை நிறுத்திய இடம் யாது?" என்று வினவினேன். மாமல்லபுரம் எங்களுக்கு அண்டையூர். அந்நூலின் தொடக்கத்திற் பல்லவர் கால்வைத்த மண்ணில் நாங்கள் பேருந்தேறி இறங்குகின்றோம். ஆதலின் அந்நூலைப் படியாதார் எங்கள் பக்கத்திற் சிலரே.

முதலில் விடை கூறியவர் வரலாற்று ஆசிரியர் ஒருவர். மகேந்திரவர்மன் காலத்திலும் மாமல்லனாகிய முதலாம் நரசிம்மவர்மன் காலத்திலுமே மாமல்லபுரத்துச் சிற்பங்கள் எழுந்தன என்று நாவல் கொள்கின்றது. ஆனால், 1962-ஆம் ஆண்டில் தொல்லியலறிஞர் இரா. நாகசாமி, அவை யாவும் பிற்பட்ட இராசசிம்மன் காலத்தன என்று ஒரு புதுக்கருத்தை வெளியிட்டார். அறிஞரிடையே அதுபற்றிய வழக்கு ஓய்ந்தபாடில்லை. "642-இல் வாதாபி வீழ்ந்தது வரலாறு, சிவகாமி கற்பனை. இரண்டிற்கும் இடையிலுள்ள கோட்டை மாணவர்கள் மறந்துவிடுகின்றனரே என்பதுதான் என் கவலை" என்றார் அவர்.

அடுத்தவர், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடமொன்றிற் பணிபுரிபவர். 1957-ஆம் ஆண்டில் அவ்வூரில் அரசினர் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இப்பொழுது கல்லூரியாக விளங்குகின்றது. அவர் அதிற் பயின்றவரல்லர், தந்தையிடம் உளிபிடித்துக் கற்றவர். அவரை நிறுத்திய இடம் போர்க்களமுமன்று, காதற்காட்சியுமன்று. சிற்பியாகிய ஆயனர், அசந்தா ஓவியத்தின் வண்ண இரகசியத்தை அறியவேண்டுமென்று ஏங்கி, அவ்வேக்கத்தில் தம் மகளுக்கு வரும் இடரையும் காணாதிருக்கின்றாரே, அதுவே. "எங்கப்பா அப்படித்தான் இருந்தாரு. ஒரு கல்லோட ஓசையைத் தட்டிக் கேட்க உட்கார்ந்தாருன்னா, வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. இந்தக் கதையை எழுதினவருக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றார்.

மூன்றாமவர் எங்கள் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர். "மாமல்லர் வாதாபியை எரித்தார், சபதம் நிறைவேறிற்று. ஆனால் பகையூரிற் காத்திருந்த ஆண்டுகளைச் சிவகாமிக்கு யார் திருப்பிக் கொடுத்தார்? முடிவில் அவள் ஏகாம்பரநாதர் திருமுன் நிற்கிறபோது, ஆசிரியர் அவளைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் விலகிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றியது" என்று அவர் கூறினார்.

இம்மூவர் கருத்தும் ஒன்றோடொன்று மாறுபட்டனவா? மேலெழப் பார்ப்பின் அவ்வாறு தோன்றும். உற்றுநோக்கின், மூவரும் மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு விடை பகர்ந்துள்ளனர் என்பது புலனாகும். வரலாற்று ஆசிரியர் கேட்டது, இது மெய்யா என்பது. சிற்பி கேட்டது, இது என் வாழ்வை அறிந்திருக்கின்றதா என்பது. அம்மையார் கேட்டது, கதையின் முடிபு அதன் தொடக்கத்திற்கு ஈடாகின்றதா, அமைப்பு நிறைவெய்தியதா என்பது. இவற்றோடு, இந்நூலால் உலகிற்கு விளைவது யாது என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்வோமாயின், மெய்ம்மை, வனப்பு, பயன், அனுபவம் என்னும் நான்கும் கிடைக்கும். ஒரு நூலைப்பற்றிப் படிப்போர் கூறும் கருத்துகளிற் பெரும்பாலானவை இந்நான்கனுள் ஒன்றிற்கு விடையாகவே அமைகின்றன. ஒருவர் வனப்பைப்பற்றிப் பேச, மற்றவர் பயனைப்பற்றி மறுப்பாராயின், வழக்கு என்றும் தீராது. பெரிய வழக்குகளும் இவ்வாறே எழுந்தன என்பதனை இனிக் காண்போம்.

குன்றத்தூர்ச் சேக்கிழார் சோழன் அநபாயனிடம் அமைச்சராயிருந்தார். அரசன் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியிற் பெரிதும் ஈடுபட்டிருந்ததனைக் கண்டு, அது மறுமைக்குப் பயன்படாது என்று இடித்துரைத்து, சிவனடியார் வரலாற்றைக் கேட்குமாறு வேண்டினார். அதுவே பெரியபுராணம் தோன்றுதற்கு ஏதுவாயிற்று என்று சேக்கிழார் புராணம் கூறுகின்றது. இவ்வரலாற்றை அறிஞர் அப்படியே கொள்ளினும் கொள்ளாதொழியினும், இதில் அமைந்த உண்மை சிந்திக்கத்தக்கது. சேக்கிழார் கேட்டது பயன் பற்றிய வினா. அதற்கு எதிர்மறை விடை கண்ட அவர், அந்நூலை ஏசுவதோடு நின்றுவிடவில்லை. தாம் வேண்டிய பயனைத் தரும் மற்றொரு நூலைத் தாமே இயற்றினார். ஒரு நூலைப்பற்றிய மறுப்புக்கு மற்றொரு நூலே விடையாயிற்று. இதனினும் உயர்ந்த மதிப்புரை வேறு யாது?

அச்சிந்தாமணி பல நூற்றாண்டுகளுக்குப் பின் மற்றொருவர் கருத்தால் மறுபிறவி எடுத்தது. 1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கும்பகோணம் கல்லூரியிற் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பாடங்கேட்ட அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணங்களை ஐயர் வரிசையாக எடுத்துரைத்தார். முதலியாரோ அவற்றால் வியப்படைந்திலர். சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவி, தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியையும் பின்னர் அளித்தார். ஐயர் அதனைப் படிக்கத் தொடங்கியபொழுது, சமண சமயக் கொள்கைகள் விளங்காமல் இடர்ப்பட்டார். அவர் என் செய்தார்? விளங்காத நூல் நல்ல நூலன்று என்று எறிந்துவிட்டாரில்லை. கும்பகோணத்திலிருந்த சமணர் இல்லம் சென்று, அவர்களை ஆசிரியராகக் கொண்டு ஐயந்தீர்ந்தார். அதன் விளைவாக 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வெளிவந்தது.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. பிற சமயத்தார் நூலைப்பற்றிக் கருத்துரைக்குமுன், அந்நூலைத் தமதாகக் கொண்டு வாழ்வோர் அதனை எவ்வாறு படிக்கின்றனர் என்பதனைக் கேட்டறிதல் வேண்டும். திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி. யூ. போப் கிறித்தவக் குருவாகவே இருந்தார். சைவ சித்தாந்தத்தை அரிதின் முயன்று கற்றே அப்பணியை நிறைவேற்றினார். கிறித்தவ மாணவராகிய நாம் திருவாசகத்தைப் படிக்கும்பொழுதும், சைவ நண்பர் தேம்பாவணியைப் படிக்கும்பொழுதும் இவ்வொழுக்கம் நம்மிடம் இருத்தல் நலம். உடன்படுதல் வேறு, உணர்தல் வேறு. உணராமற் சொல்லும் புகழும் பழியும் ஒன்றே.

மெய்ம்மை பற்றிய வினாவிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒரு கல்லூரி வகுப்பறையில் எழுந்தது. பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் பூண்ட வேதாசலனார், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் தமிழாசிரியராயிருந்தார். அக்கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937-ஆம் ஆண்டில். அக்காலத்தில் அது சென்னை நகரினுள்ளேயே இருந்தது. மாணவர்க்குப் பாடமாயிருந்த முல்லைப்பாட்டிற்கு அவர் 1903-இலும், பட்டினப்பாலைக்கு 1906-இலும் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்ட சிறுபாட்டு. நச்சினார்க்கினியர் அதன் அடிகளை முன்னும் பின்னுமாக எடுத்துக் கூட்டிப் பொருளுரைத்திருந்தார். அத்துணைப் பெரிய உரையாசிரியரை மறுக்க எவரும் அஞ்சுவர். அடிகளாரோ, புலவர் வைத்த முறையிலேயே சொற்கள் நின்று பொருள் தருமென்றும், அவற்றை இடம்பெயர்த்தல் பாட்டின் இயற்கையழகைக் கெடுக்குமென்றும் துணிந்து கூறினார். கூறியதோடமையாது, அம்முறையே பொருள் கூறியும் காட்டினார்.

ஈண்டு நாம் நோக்கத்தக்கது, அவர் மறுத்த முறை. ஏழு மதங்களுள் மறுத்தல் ஒன்றனோடு அவர் நின்றாரல்லர்; தாம் ஒன்றை நிறுவி அதனைக் காத்தலையும் செய்தார். அவர் கருத்தை ஏற்பவரும் ஏலாதவரும் பாட்டின் அடிகளுக்கே மீண்டும் செல்லவேண்டியவராயினர். படிப்பவனை நூலுக்குத் திருப்பியனுப்பும் கருத்தே நல்ல கருத்து. 1911-ஆம் ஆண்டிற்குப் பின் அடிகளார் பல்லாவரத்தில் வாழ்ந்து அரியதொரு நூற்றொகுதியைத் திரட்டினார். அவர் 1950-இல் மறைந்தபின் அது சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்திற்கு அடிப்படையாயிற்று.

வனப்பும் பயனும் நேர்நின்று பொருத வழக்கு கம்பராமாயண வழக்கு. காஞ்சிபுரத்திற் பிறந்த சி. என். அண்ணாதுரை, 1943-ஆம் ஆண்டு பெப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் இரா. பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சுத் திங்களிற் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் இக்காப்பியம் பற்றிச் சொற்போர் நிகழ்த்தினார். தீ பரவட்டும் என்னும் பெயரால் அச்சொற்போர் நூலாகவும் வெளிவந்தது. அண்ணாதுரையின் வினா பயன் பற்றியது. இக்காப்பியம் தமிழரிடையே எவ்வகைக் கொள்கையை வளர்க்கின்றது, எவரை உயர்த்தி எவரைத் தாழ்த்துகின்றது என்று அவர் கேட்டார். எதிர்நின்ற புலவர்களோ கவியின் வனப்பையும், தமிழுக்கு அது தந்த வளத்தையும் முன்வைத்தனர். இருதிறத்தாரும் நூலைக் கற்றவர்கள். ஓரவையிற் கேட்போர் முன்னிலையில் நின்று ஒருவர் பேச ஒருவர் கேட்டனர். எனினும், ஒருவர் கேட்ட வினாவிற்கு மற்றவர் விடை நேரே பொருந்தாமையால், அவ்வழக்கு அன்றோடு முடிந்திலது, இன்றும் முடிந்திலது.

அதே கம்பனை மூன்றாவதொரு வழியிற் படித்தவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவர் இல்லத்து முற்றத்தில், 1924 முதல் வட்டத்தொட்டி என்னும் கூட்டம் ஞாயிறு மாலைகளில் நடைபெற்றது. பாஸ்கரத் தொண்டைமான், மகராஜன் முதலியோர் அதில் பயின்றவர்கள். அங்கே விரிவுரையில்லை, தேர்வில்லை. ஒரு பாட்டை மீண்டும் மீண்டும் ஓசையோடு சொல்லிச் சுவைத்தலே அங்கு நிகழ்ந்தது. அச்சுவையையே அளவுகோலாகக் கொண்டு, கம்பன் பெயரால் வழங்கும் பாடல்களுட் பலவற்றை இடைச்செருகலென விலக்கி, கம்பர் தரும் இராமாயணம் என்னும் பதிப்பை அவர் வெளியிட்டார். வனப்பை அளந்த கோலால் மெய்ம்மையை அளக்கலாமா என்று புலவர் பலர் வெகுண்டனர். அவ்வெகுளி நியாயமே என்பது என் கருத்து. எனக்குச் சுவைக்கவில்லை என்பது என்னைப்பற்றிய செய்தி. இது கம்பன் பாடியதன்று என்பதோ ஏட்டுச்சுவடிகளால் நிறுவவேண்டிய செய்தி. ஆயினும், பாட்டைப் பொருளுக்காக மட்டுமன்றிச் சுவைக்காகவும் படிக்கலாமென்று ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவர் அவரே என்பதனையும் மறுத்தல் இயலாது. ஒருவர் கருத்தில் ஒருபகுதியை ஏற்று ஒருபகுதியை நீக்குதலும் பவணந்தியார் வகுத்த நிலைகளுள் ஒன்றன்றோ?

கருத்தில் மாறுபட்டோர் அன்பிலும் மாறுபடல் வேண்டா என்பதற்கு ஒரு சான்று கூறி அமைகின்றேன். 1930-ஆம் ஆண்டுகளின் இடையில், பாரதியார் மகாகவியா அல்லரா என்று இதழ்களில் ஒரு பூசல் எழுந்தது. வ. ரா. மகாகவியே என்றார். கல்கியோ, பாரதியார் தேசியகவியேயன்றி உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத்தக்கவரல்லர் என்ற கட்சியில் நின்றார். கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் அப்பூசலில் இறங்கி எழுதியவை 1937-இல் கண்ணன் என் கவி என்னும் நூலாயின. எவர் பெரியர் என்னும் தரவரிசை வினா பெரும்பாலும் வெறும் வாதமாகவே முடியும். அன்று அதிலிருந்தும் ஒரு திறனாய்வு நூல் பிறந்தது நம் நற்பேறு. பத்தாண்டு கழிந்து, 1947-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறக்கப்பெற்றது. அதனை எழுப்புதற்கு முன்னின்று உழைத்தவர் யார்? அக்கல்கியே. ஒரு கவிஞரின் தரத்தைப்பற்றி ஐயுற்றவர், அக்கவிஞர்க்குச் செய்யவேண்டிய கடனைச் செய்யப் பின்வாங்கினாரில்லை.

மேற்கூறியவற்றால் படிப்போர் கருத்திற்கு வேண்டிய ஒழுங்குகள் நான்கு என்று தெளியலாம். ஒன்று, யான் எவ்வினாவிற்கு விடை கூறுகின்றேன் என்பதனை முதலில் அறிதல். இரண்டு, கருத்தினை நூலின் ஒரு பகுதியைச் சுட்டி நிறுவுதல். இடஞ்சுட்டாத புகழும் பழியும் காற்றிற் கலந்துபோம். மூன்று, யான் எங்கு நின்று படிக்கின்றேன் என்பதனை மறையாமை. உளிபிடிப்பவர் தாம் உளிபிடிப்பவர் என்று சொன்னதனாலன்றோ அவர் கருத்து நம் நெஞ்சைத் தொட்டது? நான்கு, நூல் செய்ய முயலாததனை அது செய்யவில்லை என்று குறைகூறாமை. கலம்பகத்திற் காப்பியத்தைத் தேடுதல் மாமரத்திற் பலாக்காய் தேடுதலை ஒக்கும். குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, மிக்கது எதுவோ அதனைக்கொண்டு முடிவுசெய்க என்று வள்ளுவர் மனிதரைத் தெளிதற்குக் கூறிய நெறி, நூலைத் தெளிதற்கும் ஏற்றது.

இந்நான்கிற்கும் முன்னே நிற்கவேண்டியது ஒன்றுண்டு. அதனை எனக்குக் கற்பித்தவர் புலவரல்லர், என் ஆயாவே. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றழைப்பது வழக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். கண்ணாடி அணிந்து, விரலை வரியின்மேல் ஊர்த்தி, மெல்ல உரக்கப் படிப்பார். விடுமுறையில் யான் கொணர்ந்து மேசைமேல் விட்டிருந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை அவர் எடுத்துப் படிக்கத் தொடங்கினார். யான் அதனைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு கிழமை சென்றபின் ஒரு மாலையில் அவர் குரல் திடீரென நின்றது. திரும்பிப் பார்த்தேன். நூலை மடிமேல் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் படித்துக்கொண்டிருந்தது, கதாநாயகியாகிய ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் பகுதி. அப்பகுதியில் வேதநாயகம் பிள்ளை, தமிழர் வழக்குகளைத் தமிழறியாத மொழியில் வாதாடும் வழக்கறிஞரையும், தாய்மொழியைப் புறக்கணிப்பவரையும் வன்மையாகக் கண்டிக்கின்றார். தாமே முன்சீபாயிருந்து நீதிமன்றத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர் அவர். ஆயா கூறினார்: "உங்க தாத்தா போனப்புறம் நிலத்து வழக்குக்கு ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தேன் கண்ணு. என் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசினாங்க. அது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது. கெலிச்சோமா தோத்தோமான்னு வக்கீலோட குமாஸ்தா வெளியே வந்து சொன்னாத்தான் தெரியும். நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இதை எழுதி வெச்சிருக்காரே!" பின்னர் என்னைப் பார்த்து, "நீ இதைப்பத்திப் பத்திரிகையில எழுதினேன்னு சொன்னியே, நீ இந்த இடம் வரைக்கும் படிச்சியா?" என்று வினவினார்.

யான் விடைகூற இயலாது நின்றேன். நான்கு வினாக்களையும், ஏழு மதங்களையும், பத்துக் குற்றங்களையும் யான் அறிவேன். அவரோ ஒன்றும் அறியார். ஆயினும் அவர் படித்திருந்தார், யான் படித்திலேன். மற்றொன்று விரித்தல் என்று யான் பழித்த கிளைகளுள் ஒன்றின் நிழலில் அவர் ஆறாண்டு வெயிலுக்குப் பின் அமர்ந்திருந்தார். அந்நூலில் கிளைக்கதைகள் மிகுதி என்னும் என் கருத்தை இன்றும் யான் முற்றும் கைவிடவில்லை. நூல் முழுதையும் படித்தபின்னும் சில இடங்களில் கதை தளர்வதாகவே எனக்குத் தோன்றுகின்றது. ஆனால் அன்று அதனைக் கூறும் உரிமை எனக்கில்லை, இன்று உண்டு. இதுவே யான் கண்ட வேறுபாடு.

கல்லூரித் திரும்பியதும் அக்கையெழுத்து இதழின் அடுத்த பிரதியில், யான் முன் எழுதியது நூலை முடியாமல் எழுதியது என்று ஒப்புக்கொண்டு ஒரு திருத்தம் வெளியிட்டேன். நண்பர்கள் இம்முறை சிரிக்கவில்லை. அவருள் இருவர் அந்நூலை நூலகத்திலிருந்து எடுத்துச் சென்றனர். முதற்கட்டுரையைப் படித்து எவரும் அதனை எடுத்திலர் என்பது அப்பொழுதுதான் என் நினைவிற்கு வந்தது.

ஆதலின் மாணவ நண்பர்காள், நூல்களைப்பற்றித் தயங்காது கருத்துரைப்போமாக. உடன்படுவோம், மறுப்போம், ஒருபகுதி ஏற்று ஒருபகுதி தள்ளுவோம். நம் நூலகத்திற் பல சமயத்தார் நூல்களும், பல கட்சியார் நூல்களும், பழையனவும் புதியனவும் ஒரே அலமாரியில் அமைதியாக அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றைப்பற்றி நாம் பேசும் பேச்சும் அத்தகையதாக அமைதல் கூடும். பேசத் தொடங்குமுன், ஆயா என்னிடம் கேட்ட கேள்வியை மட்டும் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.